கொடுத்த கையும் குனியாத தலையும்

1965-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அமைதிக்கான நோபல் பரிசு யூனிசெஃப் அமைப்புக்கு அறிவிக்கப்பட்டது. போரால் சிதைந்த நாடுகளின் குழந்தைகளுக்குப் பாலும் மருந்தும் தடுப்பூசியும் கொண்டுசேர்த்த அமைப்பு அது. ஆனால், அத்தகைய அமைப்பு ஒன்று வேண்டும் என்று எடுத்துரைத்து, தொடக்க ஆண்டுகளில் ஊதியம் பெறாமல் அதன் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் அச்செய்தியைக் கேட்க உயிரோடு இல்லை. மூன்று மாதங்களுக்கு முன்பு, ஜூலை மாதத்தில் அவர் பிரான்சில் காலமாகியிருந்தார். அவர்தாம் போலந்து நாட்டைச் சேர்ந்த லுட்விக் ராய்க்மன்.

பொது சுகாதார வரலாற்றைப் பயில்வோர் அனைவரும் அறிந்த அப்பெயரை இன்று நாமும் நினைவுகூர வேண்டிய காரணம் உண்டு. பன்னாட்டு சுகாதார அமைப்பு ஒன்றை உண்மையில் நடத்துவது யார்? அதன் தலைவரா, அதற்குப் பணம் தருபவரா? உலக சுகாதார அமைப்பின் நிதி நெருக்கடி பற்றிய செய்திகள் வரும்போதெல்லாம் இக்கேள்வி எழுகிறது. ஆனால், இது நம் காலத்தில் பிறந்த கேள்வியன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜெனீவாவில் இதை அன்றாடம் எதிர்கொண்டவர் ராய்க்மன்.

அவர் 1881 நவம்பர் 1-ஆம் நாள் வார்சாவில் பிறந்தார். அப்போது போலந்து என்றொரு நாடு உலக வரைபடத்தில் இல்லை. ரஷியாவும் பிரஷியாவும் ஆஸ்திரியாவும் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. வார்சா, ரஷிய ஜார் மன்னரின் ஆட்சியில் இருந்தது. யூத வழிவந்த, கல்வியும் கலையும் செழித்த குடும்பம் அவருடையது. தந்தை அலெக்சாண்டர், வார்சாவின் புகழ்பெற்ற பில்ஹார்மோனிக் இசையரங்கை நிறுவியவர்களுள் ஒருவர். அதன் முதல் இயக்குநர். உடன்பிறந்த ஹெலினா பின்னாளில் போலந்தின் முன்னணிக் கல்வியாளராக விளங்கினார். தம்பி அலெக்சாண்டர் சிறந்த கணிதவியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிக்களின் வதைமுகாமில் மாண்டார்.

ராய்க்மன், கிராகோவ் நகரின் யாகியெல்லோனியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். மாணவப் பருவத்திலேயே சோஷலிச இயக்கத்தில் ஈடுபாடு கொண்டார். அதன் விளைவாக ஜார் ஆட்சியின் காவல் துறையிடம் சிக்கினார். தாயகத்தை விட்டு வெளியேறவும் நேர்ந்தது. பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் நுண்ணுயிரியல் பயின்ற பின்னர் லண்டனில் ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். முதல் உலகப் போர் முடிந்து, 1918-இல் போலந்து மீண்டும் சுதந்திர நாடானதும், லண்டன் வாழ்வை விட்டுவிட்டு வார்சா திரும்பினார்.

அவர் கண்ட போலந்து, நோயாளிகளின் நாடாக இருந்தது. பேன்களால் பரவும் டைஃபஸ் காய்ச்சல் கிழக்கு ஐரோப்பா முழுவதையும் சூறையாடிக்கொண்டிருந்தது. போர்க்கைதிகளும் அகதிகளும் நெருக்கியடித்துப் பயணம் செய்த ரயில்கள் நோயை ஊர் ஊராகச் சுமந்து சென்றன. மேற்கு ஐரோப்பிய நாடுகள், எல்லையை மூடி நோயை வெளியே நிறுத்திவிடலாம் என எண்ணின. ராய்க்மன் மாறாக எண்ணினார். நோய் பிறக்கும் இடத்தில் சோப்பும் துணியும் உணவும் மருத்துவமனையும் இருந்தால்தான் எல்லைக்கு அப்பாலிருப்பவரும் பாதுகாப்பாக இருப்பர் என்பது அவர் துணிபு. வார்சாவில் அவர் நிறுவிய கொள்ளைநோய் ஆய்வு நிறுவனமே பின்னர் போலந்தின் தேசிய சுகாதார நிறுவனமாக வளர்ந்தது.

போருக்குப் பின் உருவான பன்னாட்டுச் சங்கம், 1921-இல் தனது சுகாதாரப் பிரிவின் இயக்குநராக ராய்க்மனைத் தெரிவுசெய்தது. அப்போது அவருக்கு வயது 40-ஐ எட்டவில்லை. 1922 மார்ச் மாதம் வார்சாவில் ஐரோப்பிய சுகாதார மாநாடு ஒன்று கூடியது. அன்று சங்கத்தில் உறுப்பினராக இல்லாத ஜெர்மனியும் சோவியத் ரஷியாவும்கூட அதில் கலந்துகொண்டன. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்புதான் போலந்தும் ரஷியாவும் போர்க்களத்தில் மோதியிருந்தன. பகைவர்களை ஒரே மேசையில் அமரச் செய்யும் ஆற்றல் சுகாதாரத்துக்கு உண்டு என்பதை ராய்க்மன் அங்கு மெய்ப்பித்தார்.

பதவி கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. சங்கத்தை உருவாக்க முன்னின்ற அமெரிக்கா அதில் சேரவே இல்லை. 1907 முதல் பாரிஸில் இயங்கிவந்த பழைய பன்னாட்டு சுகாதார அலுவலகத்தைச் சங்கத்தின் கீழ் கொண்டுவருவதற்கும் அமெரிக்கா உடன்படவில்லை. எனவே, ஒரே பணிக்கு இரு அமைப்புகள் என்னும் விந்தை நேர்ந்தது. பிற வல்லரசுகளோ, புதிய அமைப்பு தங்கள் உள்நாட்டு விவகாரங்களில் தலையிடுமோ என்று அஞ்சிச் செலவைச் சுருக்குவதில் குறியாக இருந்தன.

இந்தக் கஞ்சத்தனத்துக்குப் பொருளாதாரத்தில் விளக்கம் உண்டு. சிங்கப்பூரில் பிளேக் நோய் தென்பட்டது என்னும் செய்தி, ஒரு பொதுப்பண்டம். அதைத் திரட்டும் செலவை யார் ஏற்றாலும் பயன் எல்லாத் துறைமுகங்களுக்கும் கிடைக்கும். எனவே, அடுத்தவர் கொடுக்கட்டும் என்று ஒவ்வொரு நாடும் காத்திருக்கும். எல்லோருக்கும் வேண்டிய ஒன்றுக்கு எவரும் போதிய பணம் தருவதில்லை. அரசுகள் விட்டுவைக்கும் அந்த வெற்றிடத்துக்குள்தான் பெருங்கொடையாளர் நுழைகிறார்.

1922-இல் அவ்வாறு நுழைந்தது அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை. எண்ணெய் வணிகத்தில் திரண்ட செல்வத்தைக் கொண்டு 1913-இல் நிறுவப்பட்ட அந்த அறக்கட்டளை, உலகின் பல பகுதிகளில் நோய் ஒழிப்புப் பணிகளுக்கு உதவிவந்தது. 1920-களில் சென்னை மாகாணத்திலும் அதன் உதவியுடன் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி நடந்தது. அமெரிக்க அரசு ஏற்க மறுத்த சங்கத்தின் சுகாதாரப் பிரிவுக்கு, அமெரிக்கச் செல்வந்தர் ஒருவரின் அறக்கட்டளை ஆண்டுதோறும் பணம் வழங்கியது. அப்பிரிவின் மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தப் பணத்தால் நடந்தது என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு.

அப்பணத்தால் விளைந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. 1925-இல் சிங்கப்பூரில் கிழக்கத்திய நோய்த்தகவல் நிலையம் தொடங்கப்பட்டது. ஆசியத் துறைமுகங்களில் காலரா, பிளேக், பெரியம்மை ஆகிய நோய்கள் தோன்றும் செய்திகள் வாரந்தோறும் தந்தி வழியே அங்கு வந்து சேர்ந்தன. அவை தொகுக்கப்பட்டுக் கம்பியில்லாத் தந்தி மூலம் ஒலிபரப்பாயின. துறைமுகத்துக்கு வரும் கப்பலை எத்தனை நாள் தடுத்து நிறுத்துவது என்பதை வதந்தியைக் கொண்டு தீர்மானித்த காலம் மாறத் தொடங்கியது. பல நாடுகளின் சுகாதார அதிகாரிகள் பிற நாடுகளுக்குச் சென்று பயின்று திரும்பும் பரிமாற்றத் திட்டமும் அதே பணத்தால் நடைபெற்றது.

கொடையாளரின் செல்வாக்கு அங்கு இல்லவே இல்லை என்று கூறினால் அது அறியாமை. செல்வாக்கு என்பது கட்டளையாகவே வரவேண்டும் என்பதில்லை. எதற்குப் பணம் கிடைக்குமோ அது முதலில் நடக்கும். எதற்குக் கிடைக்காதோ அது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். புள்ளிவிவரமும் பயிற்சியும் நோய்த்தகவலும் அறக்கட்டளைக்கு உகந்தவை. அவை வணிகக் கப்பல்களுக்கும் குடியேற்ற ஆட்சிகளுக்கும்கூட உகந்தவை. கூலியும் குடிசையும் பட்டினியும் அவ்வளவு எளிதில் நன்கொடை பெறக்கூடியவை அல்ல.

ராய்க்மனின் தலைமைத்திறனை இங்குதான் அளவிட வேண்டும். அவர் பணத்தைப் பெற்றார். ஆனால், முடிவுகளை அறிவியல் குழுக்களின் கையில் விட்டார். இதற்கு மலேரியா குழு நல்ல சான்று. கொசுப்புழுக்களைப் பாரிஸ் பச்சை என்னும் நச்சுத்தூள் தூவி அழிப்பதே சிறந்த வழி என்று ராக்ஃபெல்லர் வல்லுநர்கள் கருதினர். சங்கத்தின் மலேரியா குழு ஐரோப்பிய நாடுகளில் நேரில் ஆய்வு செய்து 1927-இல் அளித்த அறிக்கையில், கொய்னா மருந்தால் நோயாளிகளைக் குணப்படுத்துவதற்கும் மக்களின் வீடு, உழவு, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றை உயர்த்துவதற்கும் முதலிடம் கொடுத்தது. அறிவியல்நோக்கில் எத்தரப்பு சரி என்பது தனி விவாதம். ஆனால், பெருங்கொடையாளரின் வல்லுநர்கள் ஏற்காத முடிவைக் கொடை பெற்ற அமைப்பு துணிந்து வெளியிட முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது. கொடையும் நின்றுவிடவில்லை.

1929-இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். வேலையிழந்த குடும்பம் என்ன உண்கிறது, அதன் குழந்தைகளின் எடை என்னவாகிறது ஆகிய கேள்விகளை அவருடைய பிரிவு எழுப்பியது. நோய்க்குக் கிருமி மட்டும் காரணமன்று, வறுமையும் காரணம் என்று ஒரு பன்னாட்டு அமைப்பு அதிகாரபூர்வமாக ஆராயத் தொடங்கியது அக்காலத்தில்தான். 1935-இல் ஊட்டச்சத்தும் பொது சுகாதாரமும் குறித்து அவ்வமைப்பு வெளியிட்ட அறிக்கை உலகெங்கும் பேசப்பட்டது. அதை எழுதிய இருவருள் ஒருவரான வாலஸ் அய்க்ராய்டு, அதே ஆண்டு நம் நீலகிரி மாவட்டத்தின் குன்னூருக்கு ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக வந்தார். இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளை அளந்து அவர் 1937-இல் வெளியிட்ட கையேடு, பின்னாளில் வந்த அட்டவணைகளுக்கெல்லாம் அடிப்படையானது. ஜெனீவாவில் ராய்க்மன் ஊன்றிய விதையின் ஒரு கிளை குன்னூரிலும் தழைத்தது எனலாம்.

இவ்வளவு செய்தவரை வீழ்த்தியது யார்? தனியார் அறக்கட்டளை அன்று. அரசுகளே அவரை வீழ்த்தின.

ராய்க்மன் சீனாவின்மீது ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்தார். 1920-களின் நடுவிலேயே அந்நாட்டுக்குச் சென்று வந்த அவர், சீனா தனக்கென ஒரு சுகாதாரத் துறையை உருவாக்கிக்கொள்ள உதவினார். துறைமுகங்களில் அந்நியர் நடத்திவந்த தனிமைப்படுத்தல் நிலையங்கள் சீன அரசின் கைக்கு மாறுவதற்கு அவருடைய ஆதரவு துணைநின்றது. யூகோஸ்லாவியாவின் ஆந்திரியா ஷ்டாம்பர் போன்ற சமூக மருத்துவ அறிஞர்கள் சீனாவுக்கு அனுப்பப்பட்டனர். 1931-இல் ஜப்பான் மஞ்சூரியாவை ஆக்கிரமித்தது. அதன்பின் ராய்க்மனின் ஒவ்வோர் அசைவும் டோக்கியோவின் கண்ணை உறுத்தியது. 1933-இல் அவர் சீனாவுக்கான சங்கத்தின் தொழில்நுட்பப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டபோது ஜப்பான் வெகுண்டது. ஓராண்டுக்குப் பின் அப்பொறுப்பு நீட்டிக்கப்படவில்லை.

இதில் ராய்க்மனின் பக்கம் தவறே இல்லை என்று சொல்ல இயலாது. பன்னாட்டு அதிகாரி ஒருவர் ஒரு நாட்டின் அரசியல் தலைவர்களுடன், குறிப்பாக நிதியமைச்சர் டி.வி. சூங்குடன், அவ்வளவு நெருங்கியிருக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. அவருக்கு ஆக்கிரமித்தவனும் ஆக்கிரமிக்கப்பட்டவனும் சமமாகத் தெரியவில்லை. நடுநிலை என்பது அநீதியைக் காணாதிருப்பதன்று என அவர் கருதினார். அந்தக் கருத்துக்கு அவர் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

சங்கத்தின் முதல் பொதுச் செயலாளர் எரிக் டிரம்மண்ட் இருந்தவரை ராய்க்மனுக்கு ஆதரவு இருந்தது. 1933-இல் பிரான்சின் ஜோசப் அவெனோல் அப்பதவிக்கு வந்தார். வல்லரசுகள் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வதே சங்கத்தைக் காப்பாற்றும் வழி என்பது அவர் நம்பிக்கை. ஹிட்லரைத் திருப்திப்படுத்த 1938-இல் முனிச் நகரில் செக்கோஸ்லோவாகியா பலியிடப்பட்டதை ராய்க்மன் வெளிப்படையாக எதிர்த்தார். 1939-இன் தொடக்கத்தில் அவரது பணி முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ 17 ஆண்டுகள் உழைத்து உலகின் முதல் உண்மையான பன்னாட்டு சுகாதார அமைப்பைக் கட்டியெழுப்பியவர் அவ்வாறு வெளியேற்றப்பட்டார். அவெனோலின் பணிவும் சங்கத்தைக் காக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் போர் மூண்டது. அடுத்த ஆண்டு அவெனோலும் பதவி விலகினார்.

போர் ஆண்டுகளை ராய்க்மன் பெரும்பாலும் வாஷிங்டனில் கழித்தார். சீனாவுக்கான உதவியைத் திரட்டுவதில் சூங்குக்குத் துணைநின்றார். 1943-இலேயே, போருக்குப் பின் ஐக்கிய நாடுகளுக்கென ஒரு சுகாதாரச் சேவை அமைய வேண்டும் என்னும் திட்டத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். ஆனால், 1948-இல் உலக சுகாதார அமைப்பு பிறந்தபோது, அதன் முன்னோடி அமைப்பை நடத்தியவருக்கு அதில் தலைமைப் பொறுப்பு எதுவும் இல்லை. கனடாவின் மனநல மருத்துவர் புரோக் சிஷோம் முதல் தலைமை இயக்குநரானார்.

ராய்க்மனுக்குக் காலம் வேறொரு வாசலைத் திறந்தது. போர்க்கால நிவாரணத்துக்கென அமைந்த ஐக்கிய நாடுகளின் நிவாரண, மறுவாழ்வு நிர்வாகத்தில் அவர் போலந்தின் பிரதிநிதியாக இருந்தார். அந்நிர்வாகத்துக்குப் பெரும்பணம் கொடுத்தது அமெரிக்கா. பனிப்போரின் நிழல் படரத் தொடங்கியதும், கிழக்கு ஐரோப்பாவுக்குச் செல்லும் உதவிக்குத் தொடர்ந்து பணம் தர அமெரிக்கா விரும்பவில்லை. 1946-இல் ஜெனீவாவில் நிர்வாகத்தைக் கலைப்பது குறித்துப் பேசினர். அப்போதுதான், எஞ்சியிருக்கும் பணத்தைக் குழந்தைகளுக்கென ஒதுக்கலாம் என்னும் யோசனையை ராய்க்மன் முன்வைத்தார். பெரியவர்களின் அரசியலுக்குக் குழந்தைகள் பொறுப்பல்லர் என்பதை மறுத்துப் பேச எவருக்கும் வாயெழவில்லை. 1946 டிசம்பர் 11-ஆம் நாள் ஐ.நா. பொதுச் சபை யூனிசெஃப் அமைப்பை நிறுவியது. இனம், சமயம், தேசம், அரசியல் கொள்கை ஆகிய எவ்வேறுபாடும் பாராமல் உதவி வழங்கப்பட வேண்டும் என்று அதன் தீர்மானம் கூறியது.

நிர்வாகக் குழுவுக்குத் தலைவராக ராய்க்மன் அமர்ந்தார். செயல் இயக்குநராக அமெரிக்காவின் மாரிஸ் பேட் பொறுப்பேற்றார். முன்னவர் இடதுசாரி மனம் கொண்ட போலந்து மருத்துவர். பின்னவர் குடியரசுக் கட்சியின் முன்னாள் அதிபர் ஹூவருடன் பணியாற்றிய வணிகர். தோற்ற நாடுகளின் குழந்தைகளுக்கும் உதவி கிடைக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடுதான் பேட் பொறுப்பை ஏற்றார். இரு துருவங்களைச் சேர்ந்த அவ்விருவரும் ஒருவரையொருவர் மதித்து இணைந்து செயல்பட்டனர்.

ஆனால், யூனிசெஃப்பின் பிறப்பிலேயே ஒரு பலவீனம் ஒட்டியிருந்தது. அதற்கு உறுப்புச் சந்தா கிடையாது. ஒவ்வொரு காசும் அரசுகளும் பொதுமக்களும் மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. தொடக்க ஆண்டுகளில் பெரும்பங்கு அமெரிக்காவிடமிருந்தே வந்தது. பிற நாடுகள் இவ்வளவு கொடுத்தால் நாங்கள் இவ்வளவு கொடுப்போம் என்னும் கணக்கையும் அந்நாடு வைத்தது. அமெரிக்கப் பண்ணைகளில் மிஞ்சிய பால், தூளாகி யூனிசெஃப்பின் முதன்மை உதவிப்பொருளாயிற்று. பள்ளிகளில் பால் பவுடரைக் கரைத்து ஊற்றிய காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். குழந்தையின் பசியும் பண்ணையின் உபரியும் சந்தித்த இடம் அது. நன்மை விளைந்தது உண்மை. எதைக் கொடுப்பது என்பதை உபரி தீர்மானித்ததும் உண்மை.

ஆகவேதான், ஒவ்வோர் ஆண்டும் பாலைக் கொட்டிக்கொண்டிருப்பதைவிட நிலையாக நிற்கும் ஒன்றைக் கட்டுவதில் ராய்க்மன் நாட்டம் கொண்டார். பால் பதப்படுத்தும் ஆலைகள், மருந்து உற்பத்திக் கூடங்கள், பயிற்சி பெற்ற மருத்துவர்கள் என அவர் எண்ணம் விரிந்தது. மகாராஷ்டிரத்தின் பிம்ப்ரியில் எழுந்த பென்சிலின் ஆலைக்கு யூனிசெஃப் இயந்திரங்கள் வழங்கியது அந்தப் பாதையில்தான்.

அவர் முன்னின்று ஆதரித்த மற்றொரு பணி, பிசிஜி தடுப்பூசி இயக்கம். டென்மார்க் செஞ்சிலுவைச் சங்கத்துடனும் பிற ஸ்காண்டிநேவிய அமைப்புகளுடனும் சேர்ந்து 1948-இல் யூனிசெஃப் தொடங்கிய காசநோய்த் தடுப்பு இயக்கம் ஐரோப்பாவைக் கடந்து இந்தியாவுக்கும் வந்தது. சென்னை கிண்டியில் தடுப்பூசி ஆய்வகம் 1948-இல் அமைந்தது. மருத்துவக் கொள்கையை வகுப்பது தன் உரிமை என்று உலக சுகாதார அமைப்பு கருதியதால் இரு அமைப்புகளுக்கும் உரசல் ஏற்பட்டது. அதைத் தீர்க்கக் கூட்டுக் குழு ஒன்றும் உருவாயிற்று. பெறுவோர் தரப்பிலிருந்தும் கேள்வி எழுந்தது. 1955-இல் ராஜாஜி, பெருந்திரளான மக்களுக்கு இத்தடுப்பூசியைப் போடுவதை எதிர்த்து எழுதினார். பின்னர், 1968 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த மாபெரும் கள ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அத்தடுப்பூசி பயன் தரவில்லை எனக் காட்டியது. பச்சிளங்குழந்தைகளைக் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து காப்பதால் அது இன்றும் போடப்படுகிறது. எவ்வளவு நல்ல நோக்கமுள்ள தலைவரும் பெறுபவரின் ஐயத்துக்குச் செவிசாய்க்க வேண்டும் என்பதற்கு இது பாடம். கொடுப்பவரின் அவசரம் பெறுபவரின் தேவையாகிவிடாது.

பனிப்போர் முற்றியது. ராய்க்மன் 1950-இல் யூனிசெஃப் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு, நெருக்கடி முடிந்தது என்று கூறி யூனிசெஃப்பின் பணியைச் சுருக்கிவிட அமெரிக்கா முனைந்தது. பெரிய கொடையாளர் போதும் என்றால் அமைப்பு முடிய வேண்டியதுதானே என்று எல்லோரும் எண்ணியிருக்கக்கூடும். ஆனால், பாகிஸ்தான் பிரதிநிதி அகமது புகாரி, ஆசியக் குழந்தைகளின் பட்டினி போரால் வந்ததன்று, அது என்றும் உள்ளது என்னும் பொருள்பட வாதிட்டார். வளரும் நாடுகள் அவர் பின்னால் அணிதிரண்டன. அமைப்புக்கு மூன்று ஆண்டுகள் நீட்டிப்புக் கிடைத்தது. 1953-இல் அது நிரந்தரமாயிற்று. பணம் இல்லாத நாடுகளின் வாக்குகள், பணம் உள்ள நாட்டின் விருப்பத்தை மாற்றியமைத்த அரிய நிகழ்ச்சி அது.

ராய்க்மன் பின்னர் பிரான்சில் வாழ்ந்தார். குழந்தை மருத்துவ மேதை ரொபேர் தெப்ரேயுடன் இணைந்து பாரிஸில் பன்னாட்டுக் குழந்தைகள் மையத்தை உருவாக்கினார். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த அமெரிக்காவில் அவர்மீது சந்தேகம் படர்ந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த போலந்தும் அவரை முழுமையாக நம்பவில்லை. எந்த முகாமுக்கும் முற்றிலும் உரியவராக இல்லாதவரின் விதி அது. 1965 ஜனவரியில் மாரிஸ் பேட் மறைந்தார். ஜூலையில் ராய்க்மன் மறைந்தார். நோபல் பரிசு வந்தபோது அதைக் கட்டியெழுப்பிய இருவருமே இல்லை.

இந்த வாழ்க்கை இன்று நமக்குச் சொல்வது என்ன? உலக சுகாதார அமைப்பின் வருவாயில் உறுப்பு நாடுகளின் கட்டாயச் சந்தா, அண்மைக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியவை நன்கொடைகள். அவற்றுள் பெரும்பகுதி, இன்ன நோய்க்கு, இன்ன நாட்டுக்கு என்று முன்கூட்டியே முத்திரை குத்தப்பட்டவை. அரசுகளோடு கேட்ஸ் அறக்கட்டளையும் மிகப் பெரிய நன்கொடையாளர்களுள் ஒன்று. போலியோவுக்குத் தாராளமாக வரும் பணம், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தை வலுப்படுத்தும் பணிக்கு அதே தாராளத்துடன் வருவதில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா விலகுவதாக அறிவித்தது. அதன் விளைவாக, 2026-27-ஆம் ஆண்டுகளுக்கான வரவு செலவுத் திட்டத்தை 530 கோடி டாலரிலிருந்து 420 கோடி டாலராகக் குறைக்க நேர்ந்தது. ஒரு தலைநகரில் எடுத்த முடிவால் உலகின் சுகாதாரத் திட்டம் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியது.

இதைக் கண்டு, தனியார் கொடையே தீது என்று முடிவு கட்டுவது எளிது. ராய்க்மனின் வரலாறு அம்முடிவுக்கு இடம் தரவில்லை. ராக்ஃபெல்லர் பணம் இல்லையேல் சிங்கப்பூர் நிலையம் எழுந்திருக்காது. துணிவுள்ள தலைவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் முடிவுக்கும் அவர் வரலாறு இடம் தரவில்லை. அவரைவிடத் துணிவுள்ளவர் அரிது. அவரையும் வெளியேற்ற முடிந்தது. கொடையாளரின் கருத்துக்கு மாறான அறிக்கையை வெளியிடும் சுதந்திரம் அவருக்கு இருந்ததற்குக் காரணம், எஞ்சிய மூன்றில் இரண்டு பங்குப் பணம் பெரும்பாலும் சங்கத்தின் பொது நிதியிலிருந்து வந்ததே. அந்தத் தளம் இல்லாத தலைவர் நெஞ்சுரம் மிக்கவராயினும், ஒவ்வொரு சம்பள நாளிலும் கொடுப்பவரின் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

எனவே, தீர்வு சந்தாவில் இருக்கிறது. நன்கொடை ஒரு பணியைத் தொடங்கி வைக்கலாம். அதைத் தலைகுனியாமல் நடத்தச் செய்வது, ஏழை நாடும் பணக்கார நாடும் தத்தம் வலிமைக்கேற்பத் தவறாமல் செலுத்தும் சந்தாதான். இதை உணர்ந்துதான், கட்டாயச் சந்தாவை 2030-31-ஆம் ஆண்டுக்குள் அடிப்படைத் திட்டச் செலவில் பாதியளவாக உயர்த்துவது என்று 2022-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது. 2025 மே மாதத்தில் 20 விழுக்காடு உயர்வுக்கும் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. இந்தியா போன்ற வளரும் பொருளாதாரங்கள் இதைக் கூடுதல் செலவாகக் கருதலாகாது. மேசையில் சமமாக அமர்வதற்கான கட்டணம் அது.

கொடுப்பவர் கை மேலே இருப்பதும் பெறுபவர் கை கீழே இருப்பதும் உலக வழக்கு. ஆனால், சந்தா செலுத்தும் இடத்தில் மேல்கையும் இல்லை, கீழ்கையும் இல்லை. அத்தகைய ஓர் அமைப்பு ராய்க்மனுக்கு வாய்க்கவில்லை. அடுத்த கொள்ளைநோய் வருமுன், அவருக்குப் பின் அப்பணியில் அமர்ந்திருப்பவர்களுக்காவது அதை அமைத்துத் தருவது உறுப்பு நாடுகளின் கடமை.